அண்ணன் எனக்கு விற்கப் பார்த்த கார்

“இந்த வண்டிய வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல. நீயே எடுத்துக்கோ” என்று அண்ணன் சொன்னபோது என் வாய் நிறைய சாபுதானா வடை, நம்ம ஜவ்வரிசி வடைதான். அதை விழுங்குவதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டேன்.

வாகட்டில் அவனுடைய அடுக்குமாடி வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. அண்ணனுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. அவன், அண்ணி, மகள் மூன்று பேரும் இரண்டு மாதத்தில் கிளம்புவதாக ஏற்பாடு. அப்பா போன பிறகு அவர்களோடு இருந்த அம்மா என்னிடம் வந்துவிடுவாள் என்பது யாரும் உட்கார்ந்து பேசாமலேயே முடிவாகியிருந்தது. நான் தனியாக இருப்பவள். தாபோடியில் இரண்டு அறை வீடு. அம்மா வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தக் காரும் என்னிடம் வரும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அது எல்லோரும் வைத்திருக்கிற மாதிரிக் கார் அல்ல. இரண்டு கதவு, இரண்டே இருக்கை, மடக்கிப் பின்னால் தள்ளக்கூடிய துணிக்கூரை. கருநீல நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உள்ளே உட்கார்ந்தால், சிக்னலில் பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் சக்கரம் நம் காதுக்கு நேராக இருக்கும். நாலு வருஷத்துக்கு முன் மும்பையில் ஒருவரிடமிருந்து அண்ணன் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினான். வாங்கிய அன்று தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து ஹாரன் அடித்தான். நான் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடினேன்.

தமிழ்க் குடும்பம் என்றாலும் நாங்கள் மராத்திக்காரர்கள் நடுவில், போபோடியில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்குக் கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அண்ணனும் பழைய மும்பை ரோட்டு ஓரத்தில் போய் நிற்போம். லோனாவலா மலைப் பக்கம் பறக்கிற பெரிய கார்களில் ஒன்றை யார் முதலில் கைகாட்டுகிறார்களோ அது அவர்களுடையது. அதுதான் ஆட்டம். நான் அதில் ஏமாற்றுவேன். அவன் காட்டிய பிறகு காட்டிவிட்டு, நான்தான் முதலில் என்று சாதிப்பேன். “சரி, வெச்சுக்கோ” என்பான். ஒரு தடவைகூட அவன் ஏமாற்றியதில்லை.

அவன் இன்ஜினியரிங் படித்துக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். நான் டிப்ளமோ முடித்துப் பத்தொன்பது வயதில் போசரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இருபத்துமூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். தர ஆய்வு என் வேலை. கடைந்து வருகிற ஷாஃப்டுகளை அளந்து பார்த்து, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் ஒதுக்கி வைப்பேன். ஊரில் உள்ள மோட்டார் வண்டிகளுக்கெல்லாம் உதிரிபாகம் பார்க்கிறவள், சொந்தமாக ஓட்டியது ஒரு சிவப்பு ஸ்கூட்டரும் அதற்குப் பிறகு ஒரு சின்னக் காரும்தான்.

அண்ணன் சொன்ன விலை சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவு. என்னால் முடிகிற விலை. அன்றைக்கே சாவியை என் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பாலேவாடி வரை போனோம். கூரையைத் திறந்துவிட்டிருந்தான். என் துப்பட்டா பறந்து அவன் முகத்தில் விழுந்தது, இரண்டு பேரும் சிரித்தோம். நான் நெடுஞ்சாலை பக்கம் திருப்பப் போனபோது, “வேணாம் பாப்பா, டிராஃபிக் இருக்கும். வீட்டுக்குப் போலாம்” என்றான். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

பத்து நிமிஷம் ஓட்டியிருப்பேன். இன்ஜின் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது.

“சர்வீஸெல்லாம்?” என்றேன்.

“சென்டர்ல செஞ்சதுதான். பேப்பர் இருக்கு. ஒரு குறையும் இல்ல.”

பேப்பரைக் காட்டினான். பார்த்தேன். ஏழு மாதம் முந்தையது. அதைக் கவனித்தேன், ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் என்றால் அந்த மாதிரி ஒரு காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்த வாரம் விசா வேலையாக அண்ணனும் அண்ணியும் இரண்டு நாள் மும்பை போனார்கள். அதில் ஒரு நாள் எனக்கு விடுமுறை. அம்மாவைப் பார்க்கப் போனேன். போன இடத்தில் ஆசை வந்துவிட்டது.

“அம்மா, கார் சாவி எங்க? கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வரேன்.”

அம்மா வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அவன் வரட்டுமேடி. அவன் இல்லாதப்ப எதுக்கு?”

“என் வண்டியாகப் போறதுதானே?”

“அதுக்கில்ல…” என்று இழுத்தாள். பிறகு, “ரொம்ப தூரம் போவாதே” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சாவியைக் கொண்டுவந்தாள். அந்த வண்டியை நான் இடித்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி மெஷின் ஷாப்பில் இருக்கிற ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், போசரியில் ஒரு பாய் இருக்கிறார், இந்த மாதிரி வெளிநாட்டு வண்டிகளின் இன்ஜினில் கைவைக்க இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று. அவரிடம் வண்டியைக் காட்டலாம் என்று கிளம்பினேன், சந்தேகப்பட்டு அல்ல. வாங்குகிற பொருளை ஒருதரம் காட்டிவிட வேண்டும் என்பது என் தொழில் புத்தி. கூடவே ஒரு பெருமையும் இருந்தது. அவரிடம் போய், இது என்னுடையதாகப் போகிறது என்று சொல்ல வேண்டும்.

நாசிக் பாட்டா பாலத்தை நெருங்கும்போது வண்டி ஓட ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. நெரிசல். நின்று நின்று போக வேண்டியிருந்தது. அப்போதுதான் கேட்டது. மரச்சுத்தியலால் கெட்டிப் பலகையைத் தட்டுகிற மாதிரி, அடியிலிருந்து ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமாகியது. விட்டால் தணிந்தது. ஏசியை அணைத்துவிட்டுக் கேட்டேன். கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாத மாதிரியே பாயின் பட்டறை வரை ஓட்டிப் போனேன்.

பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குடும்பம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது. பிறகு வண்டியைப் பார்த்தார்.

“அட, இது திரும்ப வந்திடுச்சா? சார் இன்ஜின் வேலைக்கு ஒத்துக்கிட்டாரா?”

“எந்த சார் பாய்?”

“வாகட்ல இருக்காரே, கண்ணாடி போட்டவரு. நீங்க அவரு வீட்டம்மாவா?”

“தங்கச்சி.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றபடி கைப்பேசியை எடுத்துப் படம் தேடினார். அறுத்துத் திறந்த ஆயில் ஃபில்டரின் படம். அதன் மடிப்புகளில் ஜிகினாத் தூளைக் கொட்டியது போல உலோகப் பொடி மின்னியது. “மூணு மாசம் முன்ன எடுத்தது. இன்ஜினுக்குள்ள கனெக்டிங் ராட் பேரிங் தேஞ்சு தூளாகிட்டு வருது. இன்ஜின இறக்கணும்னு சொன்னேன். இப்ப வேணாம் பாய், கெட்டி ஆயிலா ஊத்தி மூடிக் குடுங்கன்னாரு. கெட்டி ஆயில் ஊத்தினா கொஞ்ச நாளைக்குச் சத்தம் அமுங்கும். வண்டி சூடாகி ஆயில் இளகினா மறுபடி தட்டும். விக்கப் போறீங்களான்னு கேட்டேன். அப்படி வித்தா பாவம்னு சொன்னேன். இல்ல பாய், வீட்டுக்குள்ளதான் இருக்கும்னாரு.”

வீட்டுக்குள்ளதான் இருக்கும். அவரிடம் அண்ணன் பொய்யே சொல்லவில்லை.

பாய்க்கு என் முகத்திலிருந்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “இத வாங்கலாமா பாய்?”

அவர் வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார். “உடம்பு நல்லா இருக்கு. கியர் பாக்ஸ் நல்லா இருக்கு. இன்ஜின இறக்கி, கிராங்க் ஷாஃப்ட்ட கடைஞ்சு, பேரிங் வெளியூர்லேருந்து வரவழைச்சு மாட்டணும். நாலு மாசம் ஆவும். தெரிஞ்சு வாங்கினா வாங்கலாம் தங்கச்சி. தெரியாம வாங்கினா ஒருநாள் எக்ஸ்பிரஸ்வேல நூறுல போறப்ப ராட் இன்ஜின உடைச்சுக்கிட்டு வெளிய வந்துடும். பக்கத்துல யார் உக்காந்திருந்தாலும் சரி.”

திரும்பி வருகிற வழியில் அந்தச் சத்தம் கூடவே வந்தது. மிகவும் மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இப்படிப்பட்ட காரை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டுகிறாளே என்று ஒரு டெம்போக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கும் நான் அந்தக் காரை வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் வீட்டுக்குப் போன பிறகு, கணக்கு நோட்டை அல்ல, காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு நாலு மாதம் எப்போது முடியும் என்று பார்த்தேன். மழைக்காலம் முடிகிற நேரத்தில் வண்டி தயாராகிவிடும். பழுது பார்த்து ஓட்டுவது எனக்குப் பெரிய விஷயமே அல்ல. அண்ணன் வாய் திறந்து, “பாப்பா, இன்ஜின்ல கோளாறு இருக்கு” என்று சொன்னால் போதும். எப்படியாவது அவனைச் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவன் மும்பையிலிருந்து வந்ததும் போனில் கேட்டேன். “அண்ணா, இன்ஜின்ல ஏதாவது பாக்கணுமா? இப்பவே சொல்லிடு.”

“ஒண்ணுமே இல்ல. கண்ண மூடிட்டு எடுத்துக்கோ.”

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன். “எங்க கம்பெனியில ஒருத்தர் இந்த மாதிரி வண்டில பேரிங் பிரச்சினை வரும்னு சொல்றாரு.”

“இது அந்த மாடல் இல்ல” என்றான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மூன்றாவது தடவை நேரில். சனிக்கிழமை மதியம் அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “அம்மாவ அந்தக் கார்ல லோனாவலா கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். எக்ஸ்பிரஸ்வேல. போலாமா?” என்றேன். அவன் கண்ணையே பார்த்தேன். அவன் சாதத்தில் மோர் ஊற்றினான்.

“போயேன். நல்லா போகும்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “எனக்கெதுக்குடி லோனாவலா? இந்த இடுப்போட அந்தக் குட்டி வண்டில நான் எப்படி உக்காருவேன்?” என்று சொல்லிவிட்டு ஊறுகாய் எடுக்க உள்ளே போனாள். ஊறுகாய் மேஜையிலேயே இருந்தது.

சாப்பிட்ட பிறகு, வண்டியை இன்னொருதரம் பார்க்கலாம் என்று அண்ணனைக் கீழே கூட்டிப் போனேன். கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தில் யாரும் இல்லை. காரின் பானட் மேல் கையை வைத்தபடி சொன்னேன். “ராட் பேரிங் போயிருக்கு. கெட்டி ஆயில் ஊத்தியிருக்க. பாய் படம் காட்டினாரு.”

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

“நீ மெஷின் ஆளு. உனக்கு நாலு பேரத் தெரியும். சரி பண்ணிக்குவ” என்றான்.

“மூணு தடவ கேட்டேனே அண்ணா.”

“சொன்னா நீ விலையக் குறைப்ப. எனக்கு அங்க போய் வீடு பாக்கணும், எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

“அப்ப வெளியாளுக்கு வித்திருக்கலாமே?”

“வெளியாளுன்னா கேஸ் போடுவான்” என்றான்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவனுக்கே உறைத்தது. “நான் அந்த அர்த்தத்துல சொல்லல” என்றான். வேறு என்ன அர்த்தம் அதற்கு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வராததற்குக் காரணம் இதுதான். நான் கோர்ட்டுக்குப் போகமாட்டேன். சண்டைகூடப் போடமாட்டேன். நடுரோட்டில் இன்ஜின் வெடித்து நின்றாலும், என் அதிர்ஷ்டம் என்று ஓரங்கட்டிவிட்டு அவனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவேன். அவன், அடடா, என்பான்.

“எக்ஸ்பிரஸ்வேல போன்னு சொன்னியே. அம்மாவோட” என்றேன்.

“அம்மா போகமாட்டான்னு எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

அவன் தரையைப் பார்த்தான். எனக்கு ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தது. சாவியைக் கொடுக்க அம்மா இழுத்ததும், ரொம்ப தூரம் போகாதே என்றதும் ஞாபகம் வந்தன. நான் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் அஞ்சு மாடியும் படியேறினேன்.

அம்மா பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

என்ன என்றுகூட அவள் கேட்கவில்லை. பேத்தியின் பள்ளிச் சீருடையை இரண்டாக மடித்தாள், பிறகு நாலாக மடித்தாள். “என்னமோ சத்தம் வருதுன்னான். ரொம்ப தூரம் போனாத்தான் வருமாம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ வாங்கமாட்ட. அவன் குடும்பத்தோட கண்காணாத ஊருக்குப் போறான்டி. கையில நாலு காசு வேணாமா? நீ சமாளிச்சுக்குவ. நீ எப்பவும் சமாளிச்சுக்குவியே.”

அதைக் குறையாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னாள். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் நான். அதைக் கஷ்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்தது இவள் எதையும் தாங்குவாள் என்ற கணக்கில் சேர்ந்திருக்கிறது என்பது அந்தப் பால்கனியில் நின்றபோதுதான் புரிந்தது.

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்மா” என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

அன்று மாலையே அண்ணனுக்குக் கார் வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை. அவன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். நாற்பது வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை அவ்வளவுதான். அவர்கள் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்குப் போனேன். அண்ணி கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் என் தலையில் கைவைத்து, “அம்மாவப் பாத்துக்கோ” என்றான். சரி என்றேன்.

கார் வாகட்டிலேயே நின்றது, சாவி அம்மாவோடு என் வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு மாதம் கழித்து அண்ணன் பேசினான். சாஸ்வட் பக்கம் மாதுளைத் தோட்டம் வைத்திருக்கிறவர் ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டு வருகிறார், வண்டியைக் காட்ட வேண்டும். “நீ ஒண்ணும் பேச வேணாம். சாவிய மட்டும் குடு.”

போனேன். வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, காய்த்துப்போன கைகள். வண்டியைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். கதவைத் திறந்து மூடினார், துணிக்கூரையைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மராத்தியில் அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார். “தாயீ, இன்ஜின் எப்படி?”

நான் வெறும் சாவி கொடுக்க வந்தவள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அப்படிக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் நினைவில் இருந்தன. இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொன்னேன். எந்தப் பேரிங், எத்தனை மாதம் ஆகும், எல்லாவற்றையும் சொன்னேன். பாயின் பட்டறைக்கு வழியும் சொன்னேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு கையைக் கூப்பினார்.

அவர் வாங்கத்தான் செய்தார். பாயிடம் போய் விசாரித்துவிட்டு, விலையை நன்றாகக் குறைத்து வாங்கினார். இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

“யாரோ ஒருத்தனுக்காக சொந்த அண்ணனுக்கே துரோகம் பண்ணிட்ட, இல்ல?”

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அவன் உண்மையாகவே புண்பட்டிருந்தான், அவன் குரலில் நடிப்பு இல்லை. “வெக்கிறேன் அண்ணா” என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன். அம்மா கூடத்தில்தான் இருந்தாள். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு வரும். அம்மா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். திரும்பி வந்து, “அவன் உன்ன விசாரிச்சான்” என்பாள். சில நாள் நிஜமாகவே விசாரித்திருக்கலாம்.

எங்களுக்குள் சண்டை இல்லை. அவளுக்குப் பிடித்த கறிவேப்பிலைக் குழம்பு வைக்கிறேன், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். போன வாரம் வேலையிலிருந்து வந்ததும், “பிரஷர் மாத்திரை போட்டியாம்மா?” என்று கேட்டேன். “போட்டுட்டேன்” என்றாள். நான் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தாள். அட்டையைத் திரும்ப வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை நான் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. நான் டீக்குப் பால் வைத்தேன்.